கணினியிலிருந்தே போன் பேச, மெசேஜ் அனுப்ப: உங்களுக்கு எந்த வழி சரிப்படும்?

நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இரண்டு வரி பதில் போட போனை எடுப்போம், எடுத்த கை வேறு எங்கெல்லாமோ மேய்ந்துவிட்டுத்தான் அதைக் கீழே வைக்கும். முழு அளவு கீபோர்டு கண்ணெதிரே இருக்கும்போது சின்னத் திரையில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினியிலேயே பேசலாம், அதிலேயே டைப் செய்து அனுப்பலாம், பெரும்பாலான வழிகளுக்குத் தனியாகக் காசும் கிடையாது.

ஆனால் தேட ஆரம்பித்தால் ஏகப்பட்ட ஆப் பெயர்கள் வந்து விழும். எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் கணினியிலிருந்து கூப்பிடும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு எந்த எண் தெரிய வேண்டும்?

உங்கள் சிம் எண்ணே தெரிய வேண்டும் என்றால், உண்மையில் கூப்பிடுவது உங்கள் போன்தான். கணினி அதற்கு மைக்காகவும் ஸ்பீக்கராகவும் கீபோர்டாகவும் இருக்கிறது, அவ்வளவே. போன் அணைந்தால் எல்லாம் நின்றுவிடும், கட்டணமும் உங்கள் சிம் திட்டத்திலிருந்தே போகும். இரண்டு பேரிடமும் ஒரே ஆப் இருக்கிறது, வாட்ஸ்அப்போ சிக்னலோ, என்றால் தொலைபேசி வலையமைப்புக்கு வேலையே இல்லை, எல்லாம் இணையம் வழியாகப் போய்விடும். மூன்றாவது வகை, எதிர்முனையில் சாதாரணத் தொலைபேசி இருக்கிறது, ஆனால் உங்கள் சிம்மைப் பயன்படுத்த விருப்பமில்லை, அல்லது முடியாது. அப்போது இணையத்தையும் தொலைபேசியையும் இணைத்துவிடும் ஒரு சேவைக்குக் காசு கட்ட வேண்டும். செலவு எவ்வளவு, எப்போது வேலை செய்யாது, யார் கையில் சிக்கினால் ஆபத்து என்று எல்லாமே இந்த ஒரு பதிலிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால் இதை முடிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

ஆண்ட்ராய்டு போனும் விண்டோஸ் கணினியும்

பெரும்பாலானவர்களிடம் இருக்கும் ஜோடி இதுதான், இதற்கு நான் முதலில் சொல்வது மைக்ரோசாஃப்டின் போன் லிங்க். முன்பு 'யுவர் போன்' என்ற பெயரில் இருந்தது, 2022இல் பெயர் மாறியது. விண்டோஸ் 11இல் இது ஏற்கெனவே இருக்கும், ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். போனில் இதற்கு ஜோடியாக 'லிங்க் டு விண்டோஸ்' என்ற ஆப் வேண்டும். பல சாம்சங் போன்களில் அது முன்கூட்டியே இருக்கும், மற்றவற்றில் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

கணினியில் போன் லிங்கைத் திறந்து ஆண்ட்ராய்டு என்று தேர்ந்தெடுத்தால் ஒரு க்யூஆர் கோடு வரும். அதைப் போனால் ஸ்கேன் செய்யுங்கள், திரையில் கேட்பதற்கெல்லாம் பதில் கொடுங்கள். அப்புறம் போன் வரிசையாக அனுமதி கேட்கும்: தொடர்புகள், எஸ்எம்எஸ், அழைப்புகள், நோட்டிஃபிகேஷன். பாதிப் பேருக்கு இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணமே இந்த இடத்தில் அவசரத்தில் ஏதாவது ஒன்றை மறுத்துவிடுவதுதான். மெசேஜ் மட்டும் போதும் என்றால் மெசேஜுக்கு உரிய அனுமதிகளை மட்டும் கொடுங்கள், தப்பில்லை; ஆனால் எதை மறுத்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் குழம்புகிற ஒரு விஷயம் இருக்கிறது. மெசேஜும் நோட்டிஃபிகேஷனும் இணையம் வழியாகக் கணினிக்கு வருகின்றன, போன் பேசுவது மட்டும் புளூடூத் வழியாக நடக்கிறது. அதனால்தான் மெசேஜ் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், ஆனால் 'கால்ஸ்' பகுதியைத் திறந்தால் மறுபடியும் இணைக்கச் சொல்லும். அது பழுது இல்லை, அது இன்னொரு இணைப்பு. கணினியில் புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். மேசைக் கணினிகள் பலவற்றில் இருக்காது, சின்ன யுஎஸ்பி புளூடூத் ஒன்றைச் செருகினால் போதும். இணைக்கும்போது இரண்டு திரையிலும் ஒரே எண் தெரியும், ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் சரி கொடுங்கள். அதோடு போன் உங்கள் கணினியை ஒரு புளூடூத் ஹெட்செட் என்று எடுத்துக்கொள்ளும். அழைப்பு வந்தால் கணினித் திரையின் ஓரத்தில் பெட்டி வரும், அதிலேயே எடுக்கலாம். பேச்சு நடுவில் எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் அழைப்பைப் போனுக்கே மாற்றிவிடும் பட்டனும் உண்டு.

போன் கணினியை ஹெட்செட் என்று நினைக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் ஏற்கெனவே ஒரு புளூடூத் இயர்போன் போனோடு சேர்ந்திருந்தால் சத்தம் கணினிக்கு வராமல் அதற்கே போய்விடலாம். கணினியில் எடுத்தேன், ஒன்றுமே கேட்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இயர்போனைப் போனிலிருந்து துண்டித்துவிட்டு கணினியோடு சேருங்கள்.

இரண்டு மூன்று நாளில் மெசேஜ் வருவதே நின்றுவிடுகிறது என்றால், பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு பின்னணியில் அந்த ஆப்பை நிறுத்திவிடுகிறது என்று அர்த்தம். போன் செட்டிங்ஸில் லிங்க் டு விண்டோஸ் ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய்க் கட்டுப்பாடு இல்லாமல் ஓட விடுங்கள். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

மெசேஜ் மட்டும் போதும் என்றால்

அப்போது எதையும் கணினியில் நிறுவவே வேண்டாம். போனில் கூகுள் மெசேஜஸ் ஆப் இருக்கிறதா? அதில் உங்கள் படத்தைத் தட்டினால் 'டிவைஸ் பேரிங்' என்று இருக்கும். கணினியின் பிரவுசரில் மெசேஜஸ் டாட் கூகுள் டாட் காம் என்ற முகவரிக்குப் போய், உங்கள் கூகுள் கணக்கு மூலமோ க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தோ இணையுங்கள், முடிந்தது. 2018இலிருந்தே இந்த வசதி இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எந்தக் கணினியிலும் ஓடும். பழைய உரையாடல்கள் எல்லாம் வரும், படம் அனுப்பலாம், எதிரில் இருப்பவரிடம் ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்ததாக வந்த, இணையம் வழியாகப் போகும் மெசேஜ் முறை) இருந்தால் அதுவும் நடக்கும்.

என்னைக் கேட்டால், போன் பேசுவதற்குப் போன் லிங்க்கும் எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த வலைப்பக்கமும் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. போன் லிங்க் ஆர்சிஎஸ் மெசேஜ்களைப் பெரும்பாலான போன்களில் காட்டுவதில்லை, அதனால் அதை மட்டும் நம்பியிருந்தால் சில உரையாடல்கள் கணினிக்கு வராமலே போய்விடும். கூகுள் பக்கத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

இதிலும் மெசேஜை அனுப்புவது போன்தான். போனில் இணையம் இல்லாவிட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், கணினியில் இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை. ஒரு நேரத்தில் ஒரு டேப்பில்தான் ஓடும், இன்னொன்றில் திறந்தால் இங்கே பயன்படுத்தவா என்று கேட்கும். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள், எந்த எண்ணிலிருந்து போகிறது என்பதை முதல் மெசேஜைத் தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பி உறுதிசெய்துவிடுங்கள்; வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

லினக்ஸ்காரர்களுக்குக் கேடிஇ கனெக்ட் இருக்கிறது, லினக்ஸில் க்னோம் என்ற திரை இடைமுகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் உறவான ஜிஎஸ்கனெக்ட். கட்டற்ற மென்பொருள், எந்த நிறுவனத்தின் கணக்கும் கேட்பதில்லை, கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருந்து ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்கின்றன. எஸ்எம்எஸ் படிக்கலாம், அனுப்பலாம். அழைப்பு வந்தால் யார் என்று கணினியில் தெரியும், ஆனால் பேச முடியாது. இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே இல்லை என்றால் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளை டிசிபிக்கும் யுடிபிக்கும் திறந்துவிடுங்கள். தனியுரிமை முக்கியம் என்று நினைப்பவர்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்கள்

மேக்கும் இருந்தால் கவலையே இல்லை. 2014இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 8உம் மேக்குக்கு யோசெமிட்டி என்ற இயங்குதளப் பதிப்பும் வந்ததிலிருந்து இந்த வசதி கூடவே வருகிறது. ஐபோனிலும் மேக்கிலும் ஒரே ஆப்பிள் கணக்கு, இரண்டும் ஒரே வைஃபை, அதுதான் அடிப்படை. ஐபோன் செட்டிங்ஸில் போன் பகுதிக்குள் 'கால்ஸ் ஆன் அதர் டிவைசஸ்' என்பதை இயக்கி உங்கள் மேக்கைத் தேர்ந்தெடுங்கள் (புதிய ஐஓஎஸ்ஸில் அந்தப் பகுதி 'ஆப்ஸ்' என்பதற்குள் ஒளிந்திருக்கும்). மேக்கில் ஃபேஸ்டைம் செட்டிங்ஸைத் திறந்து ஐபோன் அழைப்புகளை அனுமதியுங்கள். அதற்கப்புறம் சஃபாரியில் ஏதாவது ஒரு பக்கத்தில் தொலைபேசி எண் கண்ணில் பட்டால் அதன் மேலேயே கிளிக் செய்து கூப்பிடலாம். 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் போன் என்று தனி ஆப்பே வந்துவிட்டது.

எஸ்எம்எஸ்ஸுக்கு வேறு ஒரு சுவிட்ச். செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதியில் 'டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங்' என்பதில் மேக்கின் பெயரை இயக்க வேண்டும். இது இல்லாமலேயே நீல நிற ஐமெசேஜ்கள் மேக்குக்கு வந்துவிடும், அதனால் எல்லாம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பச்சை நிறச் சாதாரண மெசேஜ்கள் மட்டும் வராது. வங்கியிலிருந்து வரும் மெசேஜ் மேக்கில் தெரியவில்லை என்றால் காரணம் இந்தச் சுவிட்ச்தான்.

ஒரே ஒரு தொல்லை, அழைப்பு வந்தால் ஐபோன், ஐபேட், மேக் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அலறும். வேண்டாத கருவிகளை அதே பட்டியலில் அணைத்துவிடுங்கள்.

ஐபோனும் விண்டோஸும் என்றால் கொஞ்சம் குறைதான். போன் லிங்க் 2023இலிருந்து ஐபோனையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் எல்லாமே புளூடூத் வழியாக. அழைப்புகள் நன்றாக வேலை செய்யும். மெசேஜில் படம் அனுப்ப முடியாது, குழு உரையாடல் கிடையாது, பழைய மெசேஜ்கள் வராது. இணைத்த பிறகு ஐபோனின் புளூடூத் பட்டியலில் உங்கள் கணினிப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஐ' குறியைத் தட்டி, நோட்டிஃபிகேஷன் காட்டுவது, தொடர்புகளைப் பகிர்வது ஆகியவற்றை இயக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இணைந்த மாதிரி காட்டும், ஒன்றும் வராது.

ஆப்பிலிருந்து ஆப்புக்கு

எதிரில் இருப்பவரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறது என்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம். போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், 'லிங்க்ட் டிவைசஸ்', க்யூஆர் கோடு, முடிந்தது. நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். முன்பு போன் எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டும், 2021க்குப் பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. போன் அணைந்திருந்தாலும் கணினியில் ஓடும், ஆனால் 14 நாளுக்கு மேல் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமலே இருந்தால் இணைத்த கருவிகள் எல்லாம் வெளியேறிவிடும். பேசுவதற்கு பிரவுசரில் திறப்பதைவிட கணினிக்கான ஆப்பையே நிறுவிக்கொள்ளுங்கள், சத்தமும் வீடியோவும் அதில்தான் நம்பும்படி இருக்கும்.

கணினியில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கு ரொம்பவும் பயன்படும் ஒரு குறுக்குவழி: தொடர்புகளில் சேமிக்காத ஒரு எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டுமென்றால், பிரவுசரில் டபிள்யூஏ டாட் எம்இ என்ற முகவரியை அடித்து ஒரு சாய்கோடு போட்டு, நாட்டுக் குறியீட்டோடு எண்ணை எழுதுங்கள். கூட்டல் குறி, முன்னால் வரும் பூஜ்யம், இடைவெளி எதுவும் வேண்டாம். நேராக அந்த உரையாடலுக்கே போய்விடும். ஒரே ஒரு முறை பேச வேண்டியவர்களை எல்லாம் சேமித்து வைத்துத் தொடர்புப் பட்டியலைக் குப்பையாக்க வேண்டியதில்லை.

சிக்னலும் இதே முறைதான், க்யூஆர் கோடு, அப்புறம் பேச்சு, மெசேஜ் இரண்டும். டெலிகிராம் கொஞ்சம் வேறு மாதிரி. அதன் சாதாரண உரையாடல்கள் அவர்களுடைய சர்வரிலேயே இருப்பதால் எந்தக் கணினியில் நுழைந்தாலும் எல்லாம் வந்து நிற்கும், 'சீக்ரெட் சாட்' மட்டும் தொடங்கிய கருவியிலேயே இருக்கும். வசதி வேண்டுமா ரகசியம் வேண்டுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம் இல்லாமல் சாதாரண எண்ணைக் கூப்பிட

இதற்கு நெடுநாள் எல்லோரும் சொன்ன பெயர் ஸ்கைப். 2003இல் தொடங்கி, 2011இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. இன்னமும் ஸ்கைப்பில் கிரெடிட் போட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, அவற்றை நம்பிப் போகாதீர்கள். கூகுள் வாய்ஸும் அடிக்கடி வரும் பெயர். தனிநபர் கணக்கில் அது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

மிச்சம் இருப்பவை பல சிறிய, பெரிய நிறுவனங்களின் இணையத் தொலைபேசிச் சேவைகள். இரண்டு விதமாக வரும். ஒன்று, அவர்களுடைய ஆப்பையோ வலைப்பக்கத்தையோ திறந்து, காசு போட்டு, எண்ணை அழுத்திக் கூப்பிடுவது. இன்னொன்று, எஸ்ஐபி (இணையத் தொலைபேசிக்கான பொதுவான முறை) கணக்கு வாங்கி, லின்போன், ஸாய்பர், மைக்ரோஎஸ்ஐபி போன்ற ஒரு மென்தொலைபேசியில், அதாவது கணினியிலேயே ஓடும் தொலைபேசி மென்பொருளில், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் போட்டு வைத்துக்கொள்வது. இரண்டாவது முதலில் சிரமமாகத் தெரியும், ஆனால் பிறகு சேவை பிடிக்கவில்லை என்றால் மென்பொருளை மாற்றாமல் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அடிக்கடி பேசுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

காசு கட்டும் முன் விலைப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். ஒரே நாட்டிலேயே மொபைலுக்கு ஒரு விலை, லேண்ட்லைனுக்கு ஒரு விலை என்று இருக்கும், பெரிய எழுத்தில் போட்டிருப்பது மலிவானதாகத்தான் இருக்கும். எடுத்தவுடன் ஒரு இணைப்புக் கட்டணம் உண்டா, நிமிடத்தை மேலே முழுசாக்கிக் கணக்கிடுகிறார்களா, போட்ட பணம் எத்தனை மாதத்தில் காலாவதியாகும், எதிர்முனையில் எந்த எண் தெரியும், திருப்பிக் கூப்பிட்டால் உங்களுக்கு வருமா. கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெளியே கூப்பிட மட்டும் தரும் சேவையில் உங்களைத் திருப்பிக் கூப்பிடவே முடியாது. எண்ணை எப்போதும் கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து எழுதிப் பழகுங்கள், உள்ளூர் எண்ணாக இருந்தாலும்.

இரண்டு எச்சரிக்கைகள். இப்படி வாங்கிய எண்ணை வங்கிக் கணக்குக்கோ முக்கியமான கணக்குகளுக்கோ கொடுத்து வைக்காதீர்கள், பல நிறுவனங்கள் இணையத் தொலைபேசி எண்களுக்கு ஓடிபி அனுப்ப மறுத்துவிடும். அதைவிட முக்கியம், அவசர உதவிக்குக் கணினியை நம்பவே நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து அவசர எண்ணைக் கூப்பிட முடியாது, இணையத் தொலைபேசிகள் பலவற்றிலும் முடியாது, முடிந்தாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். ஆம்புலன்ஸ், தீயணைப்பு என்றால் கையை நேராகப் போனுக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

சத்தம் சரியாக இல்லை என்றால்

எந்த வழியைப் பிடித்தாலும் புகார் ஒன்றுதான்: கேட்கவில்லை, எதிரொலிக்கிறது, விட்டு விட்டு வருகிறது. மூன்றும் வேறு வேறு நோய்.

நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவே இல்லை என்றால் பெரும்பாலும் மைக் அனுமதிதான். விண்டோஸிலும் மேக்கிலும் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோபோன் என்று இருக்கும், அங்கே உங்கள் ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் பேசுகிறீர்கள் என்றால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் குறியைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மட்டுமான மைக் அனுமதி தெரியும். அதுவும் சரி என்றால், ஆப் வேறு ஏதோ மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெப்கேமில் ஒரு மைக், லேப்டாப்பில் ஒரு மைக், ஹெட்செட்டில் ஒரு மைக் என்று மூன்று இருந்தால் அது எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

எதிரொலி பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் நிறைய நேரம் மிச்சமாகும். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்கிறது என்றால் கோளாறு உங்களிடம் இல்லை, அவரிடம்: அவருடைய ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரல் அவருடைய மைக்குக்குள் போய் உங்களுக்குத் திரும்பி வருகிறது. நீங்கள் உங்கள் பக்கம் எத்தனை செட்டிங்கை மாற்றினாலும் அது போகாது. அவரை ஹெட்செட் போடச் சொல்லுங்கள், அல்லது ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லுங்கள். இதே புகாரை அவர் சொன்னால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கும், பேச ஆரம்பித்ததும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது புளூடூத் வேறு ஒரு முறைக்கு மாறுகிறது, அதில் ஒலியின் தரம் குறைவு. செட்டிங்ஸில் கேட்பதற்கு ஹெட்செட்டையும் பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பி ஹெட்செட் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

விட்டு விட்டு வருவதற்கு இணைய வேகத்தைக் குறை சொல்வோம், ஆனால் குரலுக்கு வேகம் ரொம்பத் தேவையில்லை. பழைய தொலைபேசித் தரமான ஜி.711 முறைக்கே ஒரு திசைக்கு 64 கிலோபிட்தான், குரலைச் சுமந்து செல்லும் தகவல் பொட்டலங்களின் உறைகள் எல்லாம் சேர்த்தாலும் 100க்குள். சிக்கல் தாமதத்திலும், குரல் பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வந்து சேராத ஒழுங்கின்மையிலும் இருக்கிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லும் அளவு. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசி இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டருக்கு ஒரு கம்பி போட்டுப் பாருங்கள், பின்னணியில் ஓடும் பெரிய டவுன்லோடை நிறுத்துங்கள். இந்த இரண்டும் வேகமான திட்டத்துக்கு மாறுவதைவிட அதிகம் உதவும்.

தமிழில் எஸ்எம்எஸ் எழுதும்போது

உலகின் முதல் எஸ்எம்எஸ்ஸே கணினியிலிருந்துதான் போனது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் வோடஃபோன் வலையமைப்பில் கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்றைக் கணினியில் அடித்து அனுப்பினார். அன்றைய போன்களில் மெசேஜ் டைப் செய்யும் வசதியே இல்லை. அந்தக் காலத்தில் வகுத்த 140 பைட் எல்லை இன்றும் அப்படியே இருக்கிறது, கணினியில் தாராளமாக டைப் செய்யும்போது அது நம் காலைத் தட்டிவிடும்.

140 பைட்டில் ஆங்கில எழுத்து என்றால் 160 அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும் முழு மெசேஜும் யூனிகோடுக்கு மாறி 70 ஆகிவிடும். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்பதில் நம் கணக்கில் 13 எழுத்து. கணினிக்கு 'து' என்பது த ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு, 'ன்' என்பது ன ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டு. இடைவெளியும் சேர்த்து இந்த ஒரு வரிக்கு 26 போய்விடுகிறது. இப்படி இன்னும் இரண்டு வரி எழுதினால் 70ஐத் தாண்டிவிடும், தாண்டினால் மெசேஜ் துண்டாகும், துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒரு துண்டுக்கு 67தான். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் போடும் திட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போனில் ஒரே மெசேஜாகத் தெரிந்தாலும் பில்லில் அப்படி இருக்காது.

கணினிக்கே உரிய இன்னொரு சிக்கல், வேர்டில் எழுதியதை நகலெடுத்து ஒட்டுவது. வேர்டு நேரான மேற்கோள் குறியை அழகான வளைந்த குறியாக மாற்றிவிடும். அந்தக் குறி எஸ்எம்எஸ்ஸின் அடிப்படை எழுத்துப் பட்டியலில் இல்லை, அதனால் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிய மெசேஜும் 160லிருந்து 70க்கு இறங்கலாம். இமோஜியும் அப்படியே. நேரடியாக மெசேஜ் பெட்டியில் டைப் செய்துவிடுங்கள், அல்லது நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள்.

தமிழ் டைப் செய்ய விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன, தனியாக எதையும் இறக்க வேண்டாம். தமிழுக்காகவே சுருக்கி எழுத வேண்டியதில்லை, நீளமாகச் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பிலோ ஆர்சிஎஸ்ஸிலோ அனுப்புங்கள், அங்கே இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. ஒரே மெசேஜை நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால் சொந்த சிம்மைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பேம் என்று எண்ணி எண்ணையே முடக்கிவிட வாய்ப்புண்டு; அதற்கென்று மொத்த எஸ்எம்எஸ் சேவைகள் இருக்கின்றன, பெறுகிறவர்களின் சம்மதமும் வேண்டும்.

பூட்டி வைக்க வேண்டியவை

போனைக் கணினியோடு இணைத்த நிமிடத்திலிருந்து உங்கள் ஓடிபிகள் எல்லாம் கணினியிலும் தெரியும். போனுக்கு விரல்ரேகைப் பூட்டு போட்டுவிட்டு கணினியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லை. இடத்தை விட்டு எழும்போது விண்டோஸ் கீயும் எல்லும், மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், க்யூ மூன்றும் சேர்த்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். கைக்குப் பழக்கமாகட்டும். மீட்டிங்கில் திரையைப் பகிரும்போது நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வங்கி அனுப்பும் எண் எல்லோர் கண்ணெதிரேயும் வந்து போகும்.

அடுத்தவர் கணினியில் பார்க்க வேண்டிய நிலை வந்தால் பிரைவேட் விண்டோவில் திறங்கள், 'இந்தக் கணினியை நினைவில் வை' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், முடித்ததும் டேப்பை மூடுவதோடு விடாமல் லாக் அவுட் செய்யுங்கள். யாராவது ஒரு க்யூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலோ, உங்களுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டாலோ, அவர்கள் தங்கள் கணினியை உங்கள் கணக்கோடு இணைக்கப் பார்க்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் சரி, அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

மாதம் ஒரு முறையாவது வாட்ஸ்அப்பின் 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலையும் கூகுள் மெசேஜஸின் 'டிவைஸ் பேரிங்' பட்டியலையும் திறந்து பாருங்கள். அடையாளம் தெரியாத கணினி ஒன்று இருந்தால் உடனே நீக்குங்கள். லேப்டாப் தொலைந்துபோனால் அதைத் தேடிக்கொண்டு நேரத்தை விடாமல், கையில் இருக்கும் போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் அந்தக் கருவியைத் தட்டி லாக் அவுட் கொடுங்கள், கூகுள் மெசேஜஸில் அதன் இணைப்பை நீக்குங்கள், லிங்க் டு விண்டோஸ் ஆப்பில் அந்தக் கணினியை எடுத்துவிடுங்கள், ஐபோன் என்றால் டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங்கில் அந்த மேக்கை அணைத்துவிடுங்கள். இவை முடிந்த பிறகு கடவுச்சொற்களை மாற்ற உட்காருங்கள். முதலில் மாற்ற ஆரம்பித்தால், அதற்கான ஓடிபி அந்தத் தொலைந்த லேப்டாப்புக்கும் சேர்ந்தே போகும்.